இடித்துக் கொடுத்த தழை

வெள்ளவத்தை, கொழும்பு
4-3-1963

அன்புள்ள அழகம்மாவுக்கு,

மூன்று வருஷம் ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டு இப்போது நலமா என்று தொடங்க வெட்கமாக இருக்கிறது. அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை அப்பா குளித்துவிட்டு வந்து துவாயைக் கொடியில் போட்டார். போட்ட கை கீழே இறங்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டார். இருதய அடைப்பாம். உயிர் தப்பிவிட்டார். ஆனால் உங்கள் லிந்துலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் பெரிய கிளாக்கராக நிமிர்ந்து நடந்த தம்பிஐயாவை இப்போது பார்த்தால் உமக்கு அடையாளம் தெரியாது. தலையணையில் சாய்ந்து கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடக்கிறார்.

நான் வேலை செய்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் இரத்தத்திலுள்ள கொழுப்பை அளப்பதுதான் என் வேலை. அப்பாவின் இரத்தத்தையும் நானே அளந்தேன், மற்றவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை. வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய நீர், பால் விட்ட தேத்தண்ணி மாதிரிக் கலங்கி நின்றது. மருந்து விட்டால் அது பச்சையாக மாறும். எவ்வளவு கடும்பச்சையோ அவ்வளவு கொழுப்பு. முந்நூற்று நாற்பது, அழகம்மா! இருநூற்றைம்பது என்றாலே நாங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்வோம். பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று தரம் செய்தேன். மூன்று தரமும் அதே பச்சை. மூன்றாவது குழாயைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் முட்டையையும் தேங்காய்ப்பாலையும் நிறுத்தச் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் உமது அம்மாவின் கசாயம் ஞாபகத்துக்கு வந்தது. நெஞ்சு கனக்கிறவர்களுக்குக் காளியாயி கசப்பந்தழையைக் காய்ச்சிக் கொடுப்பாவே! மலை ஏற முடியாமல் கிடந்த கணக்கப்பிள்ளை சிவசாமி அதைக் குடித்து எழும்பி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் கூடத்தில் இப்போது முயல்களுக்குக் கொழுப்பை ஊட்டி, நாட்டு மூலிகைகளைக் கொடுத்துப் பார்க்கிறோம். அந்தத் தழையையும் சேர்க்கப் பெரிய டாக்டர் சம்மதித்துவிட்டார்.

அம்மாவிடம் கேட்டுக் கெதியாக அனுப்பும். எப்படிச் செய்வது என்பதையும் எழுதும். ஒன்றும் விடாமல் எழுதும்.

உமது
செல்வமலர்


டிக்கோயா
10-3-1963

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். கிளாக்கரய்யா விழுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மழையிலும் பனியிலும் சட்டை மடிப்புக் கலையாமல் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்கு வந்து நிற்கிற மனுஷன்.

உன்னிடம் கோபித்துக்கொள்ள இது நேரம் இல்லைதான். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா போய்விட்டார் என்று நான் போட்ட கடிதத்துக்கு இன்னும் உன் பதில் வரவில்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் ஒரு வருஷம் எட்டிப் பார்த்தேன். போகட்டும். அதற்குள் எனக்கு 'நீர்', 'உமது' என்று வேறு எழுதப் பழகிவிட்டாய். ஹட்டன் பள்ளிக்கூடப் போர்டிங்கில் ஒருத்தி தலையை ஒருத்தி மடியில் போட்டுப் பேன் பார்த்தபோது நமக்குள் நீரும் இல்லை, மோரும் இல்லை. லீவில் தோட்டத்துக்கு வந்தால் மட்டும், கிளாக்கர் வீட்டுப் பிள்ளை என்று நான் உன்னைச் 'சின்னம்மா' என்று கூப்பிட வேண்டும். மறுபடி ரயில் ஏறியதும் 'நீ' ஆகிவிடுவாய். நான் இன்னும் ரயிலில்தான் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

நான் இப்போது இங்கே ஒரு தோட்டத்தில் மருத்துவிச்சி. ஒன்றரை அறைக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அம்மா இன்னும் லிந்துலையில் அதே லயத்து வரிசை வீட்டில், அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருந்துகொண்டு கொழுந்தெடுக்கிறாள். நேற்று பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். முதுகில் கூடையை இறக்காமலே கேட்டாள். "கிளாக்கரய்யாவுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "நம்ம கிளாக்கரய்யாவுக்கா?" என்று மறுபடி கேட்டாள். பிறகுதான் கூடையை இறக்கி வைத்தாள். கடைசியில், "குடுக்குறேன். ஆனா எலயா குடுக்க மாட்டேன். வாட்டி இடிச்சுத்தான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

செய்முறை இதுதான். ஓடைக் கரையில் வெயில் படாத பக்கத்துத் தழையாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். வெறுஞ்சட்டியில் போட்டு, பச்சை மாறாமல் வாட்டி எடுத்து, உரலில் இடித்து, அடுப்புக்கு மேலே மூன்று நாள் காய வைக்க வேண்டும். ஒரு பிடி தூளை மூன்று டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவிட்டு வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

தூள் காய்ந்ததும் ஒரு டின் அனுப்புகிறேன். செடியை அடையாளம் பார்க்க ஒரு கொப்பும் வைத்திருக்கிறேன். லயத்தில் நாங்கள் கசப்பந்தழை என்போம், புத்தகத்தில் இருக்கிற பெயரை உங்கள் ஆட்கள் கண்டுபிடிக்கட்டும். கிளாக்கரய்யாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்
அழகம்மா


வெள்ளவத்தை
19-5-1963

அன்புள்ள அழகம்மாவுக்கு,

உமது அப்பாவின் விஷயத்தில் நான் செய்தது பெரிய பிழை. எழுதத் தொடங்கி மூன்று கடிதம் கிழித்தேன். பிறகு நாள் போய்விட்டது, நாள் போன பிறகு முகம் இல்லாமல் போய்விட்டது. அதற்குச் சாட்டுச் சொல்ல மாட்டேன். 'நீர்' என்று எழுதுவது எங்கள் வீட்டில் பிரியத்தில்தான், அதை மட்டும் மாற்றச் சொல்லாதேயும்.

இப்போது கேளும். இரண்டு நாளாக எனக்கு நித்திரை இல்லை. முயல்களை மூன்று கூட்டமாகப் பிரித்தோம். மூன்று கூட்டத்துக்கும் தேங்காயெண்ணெயும் முட்டை மஞ்சளும் ஊட்டினோம். ஒன்றுக்கு உமது அம்மாவின் தூள், இன்னொன்றுக்குப் பேராதனைப் பூந்தோட்டத்திலிருந்து எடுப்பித்த அதே செடியின் தழை, மூன்றாவதற்கு ஒன்றும் இல்லை. எட்டு வாரம் கழித்து இரத்தம் எடுத்தோம். உமது அம்மாவின் தூள் தின்ற முயல்களுக்குக் கொழுப்பு மற்றவற்றில் பாதிதான்! பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அது மட்டும் இல்லை. எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா, உடம்புக்குள் கொழுப்பும் அப்படிக் கெடுகிறது என்று டாக்டருக்கு ஓர் எண்ணம். அதைத் தடுக்கிற சரக்கு எந்த மூலிகையில் இருக்கிறது என்று தேடுகிறார். சுறா எண்ணெயில் தூளின் சாற்றைக் கலந்து சூட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். சாறு விடாத போத்தல் நாலாம் நாளே நாறிப்போனது. உமது அம்மாவின் போத்தல் பத்தொன்பது நாள் நல்ல எண்ணெயாகவே இருந்தது.

அப்பாவுக்கு இருநூற்று எழுபது. முட்டையை நிறுத்தியதும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆராய்ச்சிக்காரி என்றபடியால் அப்படித்தான் எழுத வேண்டும். மகளாக எழுதுவதென்றால், அப்பா நேற்று கடைகள் இருக்கிற காலி வீதி வரைக்கும் நடந்துபோய்ப் பேப்பர் வாங்கி வந்தார். "காளியாயிக்கு என்ர நன்றியை எழுது பிள்ளை" என்றார். அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவே இல்லை. பேராதனைத் தழை ஒன்றுமே செய்யவில்லை. நீர் எழுதியபடி நானே சட்டியில் வாட்டினேன், நானே இடித்தேன். அதைத் தின்ற முயல்களுக்கும் ஒன்றும் தின்னாத முயல்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே செடிதான் என்று செடி ஆராய்கிறவர் சத்தியம் பண்ணுகிறார். உண்மையைச் சொல்லும், உமது அம்மா வேறு என்ன போடுகிறா? முழுத் தழையாக ஒரு பொட்டலம் அனுப்பி வையும்.

உமது
மலர்


டிக்கோயா
26-5-1963

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முயல் கதைக்குச் சிரித்தாள். கிளாக்கரய்யா நன்றி சொன்னார் என்றதும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வேறு என்ன போடுகிறாள் என்று நீ கேட்டிருந்த இடம் வந்ததும் எழுந்து போய் அடுப்பைக் கிண்டத் தொடங்கிவிட்டாள். "வேணாம்டி, இத்தோட விட்டுருவோம்" என்றாள்.

வேறு என்ன போடுவாள்? சட்டி கழுவின தண்ணீரையும் சேர்த்து எழுத வேண்டுமா? கேட்டபடி முழுத் தழை இத்துடன் வருகிறது. ஐயாவுக்கு இன்னும் ஒரு டின் தூளும் வைத்திருக்கிறேன். தூள் ஐயாவுக்கு மட்டும். அதை முயலுக்குக் கொடுக்காதே, ஆராயவும் வேண்டாம். குணமானால் குணம் என்று இருந்துவிட்டுப் போகலாமே.

அழகம்மா


வெள்ளவத்தை
2-7-1963

என் அன்பான கள்ளி அழகம்மாவுக்கு,

பிடித்துவிட்டேன்!

நீர் அனுப்பிய முழுத் தழையில் ஒரு மண்ணும் இல்லை. பேராதனைத் தழையைப் போலவே சும்மா பச்சைக் குப்பை. அப்படியென்றால் சூட்சுமம் தூளில்தான் இருக்க வேண்டும். டின்னின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். கசப்பந்தழையின் துணுக்குகளுக்கு நடுவே வேறொரு இலை. அதற்குள் எலும்புத் துண்டு மாதிரிக் கிளை விட்டுக் கிடக்கிற கல் போன்ற கண்ணறைகள். முதலாம் வருஷத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அப்படி இருப்பது ஒரே இலையில்தான். தேயிலை! கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன். தேயிலைக்குள் பிறந்த எங்களுக்குத் தேயிலையைத் தெரியவில்லையே!

கடையில் வாங்கும் கறுத்த தூள் வேறு. தொழிற்சாலையில் அரைத்துப் புளிக்க வைக்கும்போதே கொழுந்தின் குணம் முக்கால்வாசி மாறிவிடும். உமது அம்மா பச்சைக் கொழுந்தை உடனே சட்டியில் வாட்டியதால் அது கறுக்காமல் குணத்தோடு நின்றிருக்கிறது. எண்ணெயைக் கெடாமல் காத்தது கொழுந்து. முயலுக்குக் கொழுப்பைக் குறைத்ததும் கொழுந்துதான். கசப்பந்தழை பாவம், சும்மா கூட வந்திருக்கிறது.

தூள் கூடிக் காணட்டும் என்று கலந்தாவோ உமது அம்மா? எதற்கென்றாலும் அவவின் கைக்கு நான் பொன்காப்புப் போட வேண்டும். பெரிய டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேயிலையென்றால் ஒளிவுமறைவு எதற்கு என்று நேராக உங்கள் தோட்டத்துத் துரைக்கே எழுதிவிட்டார். உங்கள் தோட்டத்துக் காளியாயி மார்ச் மாதம் தொடக்கம் எங்களுக்கு அருமையான பச்சைக் கொழுந்து தந்து உதவினார், இன்னும் பத்து ராத்தல் தேவை என்று கடிதம். நான்தான் தட்டச்சு அடித்தேன். அம்மாவின் பெயர் துலங்க வேண்டும் என்று லயத்து இலக்கத்தையும் சேர்த்து அடித்தேன். அறிக்கை வெளிவரும்போதும் அவவின் பெயர் அதில் இருக்கும். சொல்லும், சந்தோஷப்படுவா.

உமது
மலர்


டிக்கோயா
21-7-1963

மதிப்புக்குரிய மிஸ் செல்வமலர் அவர்களுக்கு,

தாங்கள் தட்டச்சு அடித்த கடிதம் எட்டாம் தேதி துரையின் கைக்குக் கிடைத்தது. ஒன்பதாம் தேதி காலைப் பெரட்டில், எல்லோர் முன்னாலும், அம்மாவின் பெயரை மட்டும் கூப்பிட்டு முன்னால் வரச் சொன்னார்கள். அம்மா ஏதோ நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு, தலையில் போட்டிருந்த கொங்காணியைச் சரிசெய்துகொண்டு போய் நின்றிருக்கிறாள். தங்கள் கடிதத்தைத் துரை வாசித்தார், மேற்பார்வைக் கண்டாக்கு தமிழில் சொன்னார். மார்ச் மாதம் முதல் தோட்டத்துக் கொழுந்தை வெளியே கடத்தினாளா இல்லையா என்று ஒரே கேள்வி. முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவளின் பெயரை வெட்டி, வேலை முடிந்தது என்கிற பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். என் அப்பா செத்த காம்பரா அது. சங்கத்துத் தலைவர் வந்து பேசிப் பார்த்தார். எழுத்தில் இருக்கிற திருட்டுக்கு என்னம்மா பேசுவது என்று கையை விரித்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் ஒன்று கேளுங்கள். உங்கள் டாக்டர் கேட்ட பத்து ராத்தல் கொழுந்தைத் துரை மறுக்கவில்லை. தோட்டத்தின் அன்பளிப்பு என்று அன்றைக்கே ரயிலில் ஏற்றிவிட்டார். அதை எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமா? அம்மா. பற்றுச்சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்டாக்கு பக்கத்தில் நிற்க, பத்து ராத்தலும் அவளே எடுத்து நிறுத்துக் கொடுத்தாள். அதுதான் அவள் எடுத்த கடைசிக் கொழுந்து.

தூள் கூடிக் காணட்டும் என்று கலந்தாளா என்று கேட்டீர்கள். லயத்தில் கசாயம் என்றால் அதில் கொழுந்து இருக்கும். கொழுந்து போடாத கசாயம் வயிற்றில் நிற்காது என்பார்கள். அதை யாரும் வாயால் சொல்வதில்லை. குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுக்கிறவர் உப்பைச் சொல்லாமல் விடுவதில்லை, நாங்கள் கொழுந்தைச் சொல்ல மாட்டோம். ஒரு பிடி கொழுந்தை முந்தியில் முடிந்துகொண்டு வந்தால் திருட்டு. நாள் முழுக்கக் கிள்ளுகிறது நாங்கள், குடிக்கக் கிடைப்பது கூட்டித் தள்ளின தூள். அதனால் இடித்துவிடுவோம். இடித்துவிட்டால் எந்த இலை எது என்று தெரியாது. சின்ன வயதிலிருந்து இதைச் சொல்லக்கூடாது என்றே வளர்ந்தவள் நான். ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னீர்கள், 'அவ்வளவுதான்' என்று எழுதினேன். தெரிந்தே எழுதினேன். அம்மா ஏன் இடித்துத்தான் கொடுப்பேன் என்றாள் என்பதும் எனக்குத் தெரியும். கிளாக்கர் பங்களாவில் வளர்ந்த உங்களுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

1951-ஆம் வருஷம் ராக்காயி அக்காவின் முந்தியில் ஒரு பிடி கொழுந்து இருந்தது. பிள்ளைக்குக் கசாயம் வைக்க எடுத்தது. அக்காவுக்குப் பற்றுச்சீட்டு எழுதியது உங்கள் அப்பா. மூன்று பிள்ளைகளோடு மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினாள். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. ராக்காயி அக்கா என் அம்மாவுக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி மாதிரி. அப்படியிருந்தும் கிளாக்கரய்யாவுக்கு நெஞ்சுவலி என்றதும் அம்மா கசாயத்தில் கொழுந்தைக் குறைக்கவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

இப்படிக்கு
அழகம்மா


வெள்ளவத்தை
26-7-1963, வெள்ளி காலை

அழகம்மா,

எழுத வேண்டாம் என்றீர், தெரியும். இது மன்னிப்புக் கடிதம் இல்லை. அதற்குரிய வார்த்தை என்னிடம் இல்லை. பத்து ராத்தல் வந்த பெட்டியைத் திறந்து, கொழுந்தை முகர்ந்து, கூடத்தில் எல்லோரோடும் கைதட்டினேன். அது யார் கை எடுத்தது என்று தெரியாமல் கைதட்டினேன். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் கேட்கிறது. பங்களாவில் வளர்ந்தவள்தான், அழகம்மா. ராக்காயி திடீரென்று இல்லாமல் போனதும் தெரியும். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று நான் சொன்னால் அது பாதிப் பொய்.

அப்பா உயிருக்கு ஆபத்து வரும் என்று பயந்து இரண்டு நாள் ஒளித்தேன். நேற்றுப் பின்னேரம் தாங்க முடியாமல் உமது கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முடிந்ததும், "மூத்த பிள்ளைக்கு ஏழு வயசு" என்றார். யாரைச் சொல்கிறார் என்று முதலில் விளங்கவில்லை. ராக்காயியின் பிள்ளை. பன்னிரண்டு வருஷமாக அவருக்கு அது ஞாபகம் இருக்கிறது! கசாய டம்ளரை மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டார்.

இன்று காலை எழும்பிப் பார்க்கிறேன், கட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. கோட்டும் குடையும் இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். பதுளை ரயிலுக்குத் தலவாக்கலை டிக்கெட் வாங்கிய வயோதிபரை டிக்கெட் கொடுப்பவருக்கு ஞாபகம் இருக்கிறது. டாக்டர் அவரை மாடிப்படிகூட ஏறக்கூடாது என்றவர். அந்த மலையில் எப்படி ஏறுவார்? இந்தக் கடிதம் எப்போது கிடைக்குமோ தெரியாது, தந்தியும் அடிக்கிறேன். அவர் அங்கே வந்தாரா என்று மட்டும் சொல்லும். என்னை எவ்வளவு வெறுத்தாலும் அதை மட்டும் சொல்லும்.

மலர்


டிக்கோயா
30-7-1963

மலருக்கு,

உன் அப்பா என் கட்டிலில் தூங்குகிறார். மூச்சு சீராக இருக்கிறது, காலையில் நாடி பார்த்தேன். தந்தியில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற நேரம். அம்மாவின் சாமான்களை மூட்டை கட்ட நான் லீவு போட்டு லயத்தில் இருந்தேன். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா ஓடி வந்தாள். "அடியே அழகம்மா, பழைய கிளாக்கரய்யா மடுவத்துல வந்து நிக்கிறாருடி! மூச்சு எரைக்குது, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு!" என்றாள். நானும் அம்மாவும் போட்டது போட்டபடி ஓடினோம்.

கோட்டுப் போட்டு, குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். துரையோடு இங்கிலீஷில் ஏதோ பேசினார். துரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். திடீரென்று உன் அப்பா எங்கள் பக்கம் திரும்பினார். கூடையோடு நூறு பேர் நிற்கிறோம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "காளியாயி கொண்டு போன கொழுந்தைக் குடிச்சவன் நான். நாலு மாசமாய்க் குடிச்சனான். அவவுக்குத் திருட்டு எண்டால் எனக்கும் திருட்டுத்தான்" என்றார்.

துரைக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. உட்கார நாற்காலி போடச் சொன்னார். இப்போது இருக்கிற கிளாக்கர் இராசரத்தினத்தை அனுப்பிப் பழைய ஃபைல் ஒன்றை எடுத்து வரச் சொன்னார். 1951-ஆம் வருஷத்து உத்தரவு. ஒரு பிடியானாலும் திருட்டு, யாருக்கும் விலக்கு இல்லை என்று எழுதி, கீழே உன் அப்பா கையெழுத்து. அதைத் துரை அவர் கையில் கொடுத்தார். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசித்தார். "என்ர எழுத்துத்தான். ராக்காயிக்கு இதை வச்சுத்தான் எழுதினனான்" என்றார்.

அவ்வளவுதான், போய்விடுவார் என்று நினைத்தோம். அவர் எழுந்து, குடையை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, மடுவத்துக்குப் பக்கத்துத் தேயிலை மலைக்குள் இறங்கினார். தேயிலைச் செடியில் கையை விட்டுக் கொத்தாக ஒரு பிடி பிடுங்கினார். துரைக்கு நேரே வந்து நின்று, அதைக் கோட்டுப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, "இப்ப என்ர பேரையும் வெட்டுங்கோ" என்றார்.

மலர், நூறு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கிளாக்கரய்யா! கொழுந்துக் கூடையில் ஒரு முத்தின இலை இருந்தால் அரை ராத்தல் வெட்டுகிற கிளாக்கரய்யா! துரை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பென்ஷன் வாங்குகிற மனுஷனுக்கு வெட்டப் பேர் எங்கே இருக்கிறது?

அம்மாதான் முதலில் நகர்ந்தாள். கிட்டே போய், அவர் பாக்கெட்டில் கையை விட்டு அந்த இலையை எடுத்து விரித்துப் பார்த்தாள். "என்னங்கய்யா இது, பூராவும் முத்தின எல! இருவத்திரெண்டு வருசம் கொழுந்து நிறுத்தீங்க, கிள்ளத் தெரியலியே உங்களுக்கு!" என்றாள். எங்கேயோ ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை, அழுதுவிட்டார்.

பேர் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நீயும் கனவு காணாதே. அன்றைக்கு அவர் எங்கள் காம்பராவில், மூட்டைகளுக்கு நடுவே பலகையில் உட்கார்ந்து ப்ளேன்டீ குடித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வாசலை அவர் மிதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மூட்டைகளோடு மூன்று பேரும் பஸ் ஏறி டிக்கோயாவுக்கு வந்துவிட்டோம். ஒன்றரை அறையில் அவருக்குக் கட்டில், எங்களுக்குத் தரை. இன்னும் நாலு நாள் அவரை ரயிலேற்ற வேண்டாம், நீ இங்கே வந்து கூட்டிக்கொண்டு போ. உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நேற்று கசாயம் வேண்டாம் என்று அடம் பிடித்தார். "காளியாயி, அது எனக்கு இறங்காது" என்றார். அம்மா காதில் வாங்கவில்லை. என் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ரோட்டோரத்தில், கவ்வாத்து வெட்டாமல் மரமாக வளர்ந்துவிட்ட நாலு தேயிலை நிற்கிறது. எந்தத் தோட்டத்துக் கணக்கிலும் இல்லாதவை. காலை பத்து மணி வெயிலில், பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, பழைய கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு போய்க் கொழுந்து கிள்ளிக்கொண்டு வந்தாள். சட்டியில் வாட்டினாள். ஐயாவுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டு, நீ கொழும்புக்குக் கொண்டுபோக ஒரு பொட்டலமும் கட்டினாள்.

இடிப்பதற்கு நான் உரலைக் கழுவி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அம்மா அதைக் காலால் நகர்த்திவிட்டாள்.

"இனிமே எதுக்குடி இடிக்கணும்?" என்றாள்.

அழகம்மா